நடு ரூம் சுவரு காஞ்சிருச்சா?

எங்க வீட்டுல நடு ரூம்னு ஒன்னு இருக்கு. ஆளு இல்ல. அயர்ன் போர்டு இருக்கு, தீபாவளிக்கு மட்டும் கீழ எறங்கற பெரிய சட்டிங்க இருக்கு, மழ நாள்ல துணி காயப் போடற கம்பி ஸ்டேண்டு இருக்கு, அப்பா ஒரே ஒரு மாசம் மிதிச்சிட்டு அம்போன்னு விட்ட எக்சர்சைஸ் சைக்கிளு இருக்கு. ஆனா சுவர பார்த்தீங்கன்னா அசந்துருவீங்க. வெண்ண கலரு. பன்னெண்டு வருஷமா ஒரு கொப்புளம் இல்ல, ஒரு உரிசல் இல்ல. இந்த வீட்டுலயே அடிச்ச பெயிண்டு அப்பிடியே நிக்கற ரூம் அது ஒன்னுதான்.

அதுல இருக்க வேண்டிய ஆளு இல்லாம போனதுக்கு காரணம் நான். சுத்தி வளச்செல்லாம் சொல்ல மாட்டேன்.

யூனி முடிச்சிட்டு, நாலு எடத்துக்கு ரெசுமே அனுப்பிட்டு, சும்மாத்தான் வீட்டுல உக்காந்திருக்கேன். போன வாரம் அப்பா அடுப்படிய பின்னாடி இழுத்து கட்டறேன்னு ஆளு வெச்சி புதுசா சிமெண்டு பூசினாரு. அந்த ஈர சிமெண்டு வாசம் மூக்குல ஏறின நிமிஷம் எனக்கு பத்து வயசு ஆயிருச்சு. தூக்கமும் வரல, ஒன்னும் வரல. அதான் டைப் பண்றேன்.

அப்ப நான் நாலாம் வகுப்பு. ஜெலுத்தோங் பக்கம் வாடக பிளாட்டு, ரெண்டு ரூம். ஒன்னுல அப்பா அம்மா, இன்னொன்னுல நானும் சித்தியும். சித்தின்னா அம்மாவோட தங்கச்சி. முப்பத்தி மூனு வயசு, கல்யாணம் பண்ணிக்கல. பாயான் பாருல ஒரு எலக்ட்ரானிக் கம்பெனில க்யூசி. பூதக்கண்ணாடி வெச்ச வெளக்குக்கு கீழ நாள் பூரா குனிஞ்சி உக்காந்து, சின்னச் சின்ன பச்ச போர்டா பார்த்து, நல்லதுக்கு பச்ச ஸ்டிக்கரு, கெட்டதுக்கு செவப்பு ஸ்டிக்கரு ஒட்டணும். அதுதான் வேல. அந்த வியாதி வீட்டுக்கும் வந்துருச்சு.

அம்மா கொழம்பு வெச்சா ஒரு சொட்டு நாக்குல வெச்சிட்டு, "ரிஜெக்ட் அக்கா, உப்பு ஸ்பெக்க தாண்டிருச்சு"ம்பா. நான் ஜட போட்டுட்டு வந்து நின்னா தலைய ஒரு சுத்து சுத்தி பார்த்துட்டு, "ரீவொர்க். அவுத்துட்டு வா." அப்பா பாத்ரூம்ல பாட ஆரம்பிச்சா கதவுல செவப்பு ஸ்டிக்கரு ஒன்னு ஒட்டிட்டு வந்துருவா. அப்பா அதப் பார்த்துட்டு சிரிப்பாரு. அப்பெல்லாம் சிரிச்சாரு.

அப்பாவோட அக்கா, எனக்கு அத்தை, அது மட்டும் சிரிக்காது. வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "மச்சினிச்சிய இன்னும் எத்தன வருஷத்துக்கு வீட்டுல வெச்சிருக்கப் போற தம்பி?" நாங்க வீடு வாங்கினதும் அந்த கேள்வி கொஞ்சம் வளந்துச்சு. "புது வீட்டுக்கும் கூட்டிக்கிட்டுத்தான் போகப் போறியா?" சித்தி அடுப்படில கோப்பை கழுவிட்டு இருக்கும்போதே கேட்டுச்சு. அப்பா, "பார்க்கலாங்க்கா"ன்னாரு. தண்ணி சத்தம் ஒரு செகண்டு நின்னுச்சு, அப்புறம் திரும்ப ஓடுச்சு.

அன்னிக்கு சாப்பிடும்போது சித்தி சொன்னா, "மாமா, புது வீட்டுக்கு பெயிண்டு நான் அடிக்கிறேன். ஆளு வேணாம். என் ஆஃப் டே எல்லாம் போட்டு, ஒரு ரூம் விடாம நானே அடிச்சி தரேன்."

"ஒனக்கு எதுக்கும்மா அந்த கஷ்டம்?"ன்னாரு அப்பா.

"கஷ்டம் இல்ல மாமா. என் கையும் ஒன்னு அந்த வீட்டுல இருக்கட்டும்."

இவளுக்கு பெயிண்டு அடிக்க ஆச போலன்னு நெனச்சிட்டு நான் இன்னொரு பொரிச்ச மீன எடுத்துக்கிட்டேன்.

புது வீடுன்னா எங்களுக்குத்தான் புதுசு. பிளாட்டுலேர்ந்து ரெண்டு ஜாலான் தள்ளி ஒரு பழைய வரிச வீடு. எத்தனையோ வருஷத்து மழ ஊறி உள்சுவரெல்லாம் பொரிஞ்சி கெடந்துச்சு. எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு புதுசா சிமெண்டு பூசணும். மூனு வாரத்துல முடிச்சி தரேன்னு சொன்ன கொன்ட்ரக்டரு ஏழு வாரம் இழுத்தான். மழம்பான், ஆளு வரலம்பான், லோரி ரிப்பேர்ம்பான். ஒரு வழியா பூசி முடிச்சப்ப, குடிபோகற நாளுக்கு மூனு வாரம் கூட இல்ல.

அந்த நாள தள்ளிப் போடவும் முடியாது. கோயில் ஐயரு ஆனி மாசக் கடைசில குறிச்சி குடுத்த நாளு அது. அத விட்டா ஆடி. ஆடில யாரு வீடு மாறுவா? ஆவணி வரைக்கும் பிளாட்டுலயே கெடக்க வேண்டியதுதான்.

இங்கதான் நான் வரேன். என் பொறந்த நாளு ஆடில. "ஆடில பொறந்தது ஆட்டித்தான் வெக்கும்"னு அத்தை சொல்லிட்டே இருக்கும், அத விடுங்க. இந்த வருஷம் என் பர்த்டே புது வீட்டுல, என் சொந்த ரூம்ல, பர்ப்பிள் சுவருக்கு முன்னாடின்னு கிளாஸ் பூரா சொல்லி வெச்சிட்டேன். பக்கத்துல உக்கார்றவ நம்பவே இல்ல. "ஒனக்கு தனி ரூமா? போ லா, பொய்யி." வந்து பாருடின்னு சவால் விட்டு நாலு பேர கூப்பிட்டாச்சு. பத்து வயசுல இதவிட பெரிய பிரச்சின உலகத்துல கெடையாது, சீரியஸா.

மூனு ரூம். முன்னாடி ரூம் எனக்கு, பின்னாடி ரூம் அப்பா அம்மாவுக்கு, நடு ரூம் சித்திக்கு. சித்தி வாழ்க்கைல மொதல் தடவையா தனக்குன்னு ஒரு சுவருக்கு கலரு எடுக்கறா. ஹார்ட்வேர் கடைல குடுத்த கலர் அட்டைய ஒரு வாரம் கைப்பைலயே வெச்சிக்கிட்டு சுத்தினா. கம்பெனிக்கு எடுத்துட்டு போயி கூட்டாளிங்ககிட்ட காட்டினா. பஸ்ஸுல வெயில்ல பிடிச்சி பார்த்தா. கடைசில வெண்ண கலரு. நான் அத பார்த்துட்டு, "இது கலரே இல்ல சித்தி"ன்னேன். "ஒனக்கு என்னா தெரியும், போடி"ன்னு அட்டையாலயே என் தலைல தட்டினா.

பெயிண்டு வாங்க போன அன்னிக்கு கட தவுக்கே, அதான் சீன மொதலாளி, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. சுவரு பூசி எத்தன நாளாச்சு? ஒரு வாரம்னோம். கெழவரு தலைய ஆட்டினாரு, பெயிண்டு டின்ன திருப்பி பின்னாடி எழுத்த காட்டினாரு. புது சிமெண்டுன்னா நாலு வாரமாச்சும் காயணுமாம். ஈரத்தோட அடிச்சா பெயிண்டு தோலு மாதிரி கழண்டு வந்துருமாம், சிமெண்டுல இருக்கற உப்பு வெளிய பூக்குமாம்.

"டின்னுல எழுதறவன் ஆடி மாசத்த பார்த்தா எழுதறான்?"ன்னாரு அப்பா.

காஞ்சிருச்சா இல்லயான்னு பார்க்க தவுக்கே ஒரு வழியும் சொல்லி குடுத்தாரு. ஒரு மொழ பிளாஸ்டிக்க சுவத்துல வெச்சி நாலு பக்கமும் டேப்பு போட்டு ஒட்டணும். ஒரு நாளு விடணும். மறுநாளு உள்பக்கம் தண்ணி கோத்திருந்தா சுவத்துக்குள்ள ஈரம் இருக்கு. கோக்கலன்னா அடிக்கலாம். சித்திக்கு கண்ணு ரெண்டும் மின்னுச்சு. டெஸ்டுன்னு ஒன்னு கெடச்சா அவளுக்கு வேற என்னா வேணும்?

ஹால்ல ஒன்னு, என் ரூம்ல ஒன்னு, நடு ரூம்ல ஒன்னு. வெள்ள பேப்பர் டேப்பு போட்டு, ஓரத்த நகத்தால தேச்சி தேச்சி ஒட்டினா. காலை ஷிப்டு முடிச்சிட்டு நாலு மணிக்கு நேரா அங்க வருவா, பார்ப்பா, உரிப்பா, புதுசு ஒட்டுவா. செவ்வாய்க்கிழம மூனுலயும் முத்து முத்தா தண்ணி. புதன் அதே கத. வியாழன் ஹால்ல கொறஞ்சிருச்சு, நடு ரூம்ல அப்பிடியே. அந்த சுவத்துக்கு அந்தப்பக்கம் பாத்ரூமு.

அப்பாவுக்கு பொறும போயிருச்சு. சனிக்கிழம ஆரம்பிச்சாத்தான் ரெண்டு கோட்டு அடிச்சி முடிக்க முடியும். சித்தி அழுத்தமா நின்னா. "மாமா, வெள்ளிக்கிழம ஒரு தடவ பார்ப்போம். தண்ணி இருந்தா ஐயர்கிட்ட சொல்லி ஆவணிக்கு மாத்திக்கலாம். இல்லன்னா நான் மறு பேச்சு பேசாம அடிக்கிறேன்."

அப்பா கொஞ்ச நேரம் தாடைய சொறிஞ்சாரு. "சரி. ஒன் பிளாஸ்டிக்கு சொல்றத கேப்போம்."

நியாயமான மனுஷன்தான் எங்கப்பா. அதுவும் இந்த கதைல ஒரு வருத்தம்.

வெள்ளிக்கிழம ஸ்கூல் பஸ்ஸு என்னை புது வீட்டு வாசல்லயே எறக்கி விட்டுச்சு. அம்மா பின்னாடி அடுப்படில முட்டி போட்டு, தரைல சிந்தின சிமெண்ட ஆசிட்டு ஊத்தி தேச்சிட்டு இருந்தாங்க. நான் பையோட மூனு ரூமும் சுத்தினேன். ஹால்ல லேசா பனி மாதிரி. என் ரூம்ல அஞ்சாறு சொட்டு. நடு ரூம்ல பிளாஸ்டிக்கு பூரா வேர்த்து ஊத்திட்டு இருந்துச்சு.

போச்சு. பர்த்டே போச்சு. திங்கக்கிழம பக்கத்து சீட்டுக்காரி மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?

மூனர மணி வரைக்கும் காத்திருந்தேன். அந்த அறிவெல்லாம் நல்லாவே இருந்துச்சு எனக்கு. சீக்கிரமா தொடச்சா திரும்ப கோத்துக்கும்ல? அப்புறம் ஒவ்வொரு பிளாஸ்டிக்கா மேல் ஓரத்த விட்டுட்டு மீதிய மெதுவா உரிச்சேன். உள்பக்கத்த என் ஸ்கூல் பினாஃபோரால தொடச்சேன். சிமெண்டு கருப்பா ஒரு கட்டம் மாதிரி ஈரமா இருந்துச்சு, அதுக்கு கணக்கு நோட்ட எடுத்து கை வலிக்க வலிக்க வீசினேன். திரும்ப அமுக்கி ஒட்டினேன். ஹாலும் என் ரூமும் ஒட்டிக்கிச்சு. நடு ரூம்ல ஒரு மூல மட்டும் நிக்கவே இல்ல. பேப்பர் டேப்புல மண்ணு ஏறி தொங்குது. ஸ்கூல் பைல, புத்தகத்துக்கு அட்ட போடற கண்ணாடி டேப்பு இருந்துச்சு. விரல் நீளத்துக்கு கிழிச்சி, பேப்பர் டேப்புக்கு அடியில குடுத்து ஒட்டிட்டேன். வெளிய தெரியவே தெரியாது. என்னை நானே மெச்சிக்கிட்டேன்னு வேற சொல்லணும்.

சித்தி நாலு மணிக்கு வந்தா. கம்பெனி சட்டையோட, வேர்வையோட. ஹாலு பார்த்தா. என் ரூம் பார்த்தா. நடு ரூம்ல நின்னுட்டா. வீட்டுக்கு இன்னும் கரண்டு இழுக்கல, அந்த ரூம் எப்பவும் அர இருட்டு. போன் லைட்ட அடிச்சி, மூக்கு சுவத்துல ஒரசற அளவுக்கு குனிஞ்சி பார்த்தா.

"அக்கா! யாராச்சும் இத தொட்டீங்களா?"

"நான் எங்கடி தொட்டேன்? எனக்கு இங்க கையி எரிஞ்சிட்டு கெடக்கு!" பின்னாடிலேர்ந்து அம்மா.

சித்தி என் பக்கம் திரும்பினா. "குட்டி, நீ?"

நான் இல்லன்னு தலைய ஆட்டினேன். வாயக்கூட தொறக்கல. ஆட்டினது அவ்ளோதான்.

அவ மூஞ்சில மெதுவா ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. அவளுக்கும் அந்த ரூம்ல சீக்கிரம் குடி வரணும்னு இருந்துருக்கும்ல. க்யூசி பொம்பள சட்ட பாக்கெட்லேர்ந்து பச்ச ஸ்டிக்கர எடுத்தா. சுவத்துல ஒட்டல. என் நெத்தில ஒட்டினா. "பாஸ்!" ரெண்டு பேரும் அந்த காலி ரூம்ல கையப் பிடிச்சிக்கிட்டு குதிச்சோம். நானும்தான் குதிச்சேன்.

அடுத்த ரெண்டு நாளு மாதிரி ஒரு ரெண்டு நாளு எனக்கு திரும்ப கெடைக்கவே இல்ல. சித்தி தலைல ஷவர் கேப்பு, ஒடம்புல பழைய மழ கோட்டு. மொதல்ல சீலரு அடிச்சா, அது காஞ்சதும் கலரு. எனக்கும் ஒரு குட்டி ரோலரு. மேல அவ, கீழ நான். "கோடு விழுது பாரு, ரிஜெக்ட்." "மூக்குல பெயிண்டோட நிக்கற ஆளுதான் ரிஜெக்ட்." அப்பா கடைலேர்ந்து தாப்பாவ் பண்ணிட்டு வந்த மீ கோரெங்க பொட்டலத்தோட தரைல உக்காந்து சாப்பிட்டோம். நடு ரூம கடைசியா அடிச்சா. அடிச்சி முடிச்சிட்டு வாசப்படில நின்னு ரொம்ப நேரம் பார்த்தா. கட்டிலு இங்க, அலமாரி அங்க, ஜன்னலுக்கு கீழ ஒரு நாற்காலின்னு விரலாலயே காத்துல வெச்சா. அப்பா வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லியே, ஆளு வெச்சாக்கூட இப்பிடி அடிக்க மாட்டான்"னாரு. சித்தி ரோலர கழுவப் போனா. தண்ணி தொட்டிகிட்ட அவ தானா சிரிச்சிட்டு இருந்தத நான் பார்த்தேன்.

பெயிண்டு ஆரம்பிச்ச எட்டாவது நாளு குடிபூசை. சொந்தக்காரங்க புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்தெல்லாம் காடி காடியா வந்து எறங்கினாங்க. பால் பொங்குச்சு. ஐயரு ஹால்ல ஹோமம் வளத்தாரு, பொகைல எல்லாருக்கும் கண்ணு எரிஞ்சிச்சு. சின்ன வீடு, ஐம்பது அறுபது பேரு, அந்த சூடு. மொதல்ல கண்டுபிடிச்சது பிள்ளைங்கதான். நடு ரூம்ல என் வயசு வாண்டுங்க நாலஞ்சி சுவத்துகிட்ட நின்னு விரலால குத்தி குத்தி சிரிக்குதுங்க. போயி பார்த்தா சுவரு பூரா அப்பளம். வெண்ண கலரு அப்பளம். குத்தினா "டப்பு"ங்குது, உள்ளேர்ந்து ஒரு சொட்டு தண்ணி எறங்குது. அதுங்களுக்கு ஒரே குஷி.

என் ரூம்ல பர்ப்பிள் மேல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. ஹால்ல சுவத்துல சாஞ்சி உக்காந்திருந்த அத்தை எந்திரிச்சப்ப, முதுகுல பட்டு ரவிக்கையோட ஒரு அடி நீளத்துக்கு பெயிண்டு தோலும் சேந்து எந்திரிச்சிச்சு. யாரோ சிரிச்சிட்டாங்க. அதுதான் தப்பாப் போச்சு.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல தம்பி, தெரிஞ்ச ஆள வெச்சி அடின்னு? இது என்ன கம்பெனில ஸ்டிக்கரு ஒட்டற வேலயா? மொத நாளே வீடு தோலு உரிஞ்சி நிக்குது. நல்ல சகுனம்!"

அப்பா நடு ரூம் வாசல்ல வந்து நின்னு பார்த்தாரு. கழுத்துல மால இன்னும் இருந்துச்சு. வாழ்க்கைல ஒரு தடவ வாங்கின வீடு. எல்லாரும் பார்க்கறாங்க. சித்தி கைல டம்ளரு தட்டோட நின்னுட்டு இருந்தா.

"நீதானம்மா பாஸ்னு சொன்ன?" அவரு கத்தல. கத்தியிருக்கலாம். "ஒன் பேச்ச நம்பித்தான அடிக்க விட்டேன்?"

சித்தி சுவத்த பார்த்தா. "ஆமா மாமா. நான்தான் பாஸ்னு சொன்னேன்."

என் வாயி நெறைய கேசரி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. முழுங்கிட்டு சொல்லலாம்னு நெனச்சேன். முழுங்கினேன். அதுக்குள்ள யாரோ சாப்பாட்டுக்கு பாய விரிங்கன்னாங்க, எல்லாரும் நவுந்துட்டாங்க.

அதுக்கப்புறம் எனக்கு எத்தனையோ சான்ஸு வந்துச்சு. ஆனா அந்த கேசரி வாயோட நின்ன அர நிமிஷம் மாதிரி ஒன்னு திரும்ப வரவே இல்ல.

அடுத்த நாளு லோரில சாமான் ஏத்தினாங்க. சித்தியோட ரெண்டு பெட்டி மட்டும் லோரில ஏறல. பாயான் பாருல கூட வேல செய்யற பொண்ணுங்க வாடக வீட்டுல ஒரு எடம் காலியாம், ஷிப்டுக்கு நடந்தே போயிடலாமாம். அம்மா அழுதாங்க. "நீ எதுக்குடி போற? உன்ன யாரு போகச் சொன்னா?" யாரும் சொல்லல. அதுதான் உண்ம. அப்பாவும் வாசல் வரைக்கும் வந்து, "கோவத்துல பேசிட்டேம்மா"ன்னாரு. "சே, அதெல்லாம் இல்ல மாமா, வேலைக்கு கிட்டக்க, அவ்ளோதான்"னு சித்தி சிரிச்சிட்டே டாக்சில ஏறி போயிட்டா.

பர்த்டே நல்லாவே நடந்துச்சு. உப்பு பூத்த எடத்துலயெல்லாம் பலூன் ஒட்டி மறச்சோம். பக்கத்து சீட்டு பொண்ணு வந்து பார்த்துட்டு, "ஆமா லா, பர்ப்பிளுதான்"னா. ஜெயிச்சிட்டேன். போட்டோ இன்னும் இருக்கு. பல்லெல்லாம் தெரிய சிரிச்சிட்டு நிக்கறேன். அந்த போட்டோவ இப்ப பார்த்தா கிழிக்கணும் போல இருக்கு.

ஆவணில ஒரு நாளு சித்தி யாரும் கூப்பிடாம தானா வந்தா. கைல கரண்டி மாதிரி ஒரு ஸ்க்ரேப்பரு, உப்புத்தாளு, புது சீலரு டின்னு. ரெண்டு வாரம் ஆஃப் டே எல்லாம் போட்டு மொதல்ல ஹால சொரண்டினா, அடிச்சா. அப்புறம் என் ரூம். கடைசில நடு ரூம். அவ குடி வரப் போகாத ரூம். "அத விடுடி, அது ஸ்டோரு மாதிரிதான கெடக்கு"ன்னு அம்மா சொன்னாங்க. "கையில எடுத்த வேல அக்கா"ன்னா.

நான் அந்த ரூம்ல தரைல படுத்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தேன். சரக் சரக்குன்னு சொரண்டற சத்தம் திடீர்னு நின்னுச்சு. தலைய தூக்கி பார்த்தேன். அவ கைல பெயிண்டு தோலு ஒன்னு, அதோட பின்னாடி விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி டேப்பு. மண்ணு ஒட்டி. அன்னிக்கு அர இருட்டுல பிளாஸ்டிக்க உரிச்சப்ப சுவத்துலயே தங்கிருச்சு போல, அது மேலயே பெயிண்டு அடிச்சிருந்தா.

"நான் பேப்பர் டேப்புதான ஒட்டினேன்?" என்கிட்ட கேக்கல, அவளுக்கு அவளே கேட்டுக்கிட்டா. அப்புறம் கீழ பார்த்தா. என்னை சுத்தி புத்தகங்க. கணக்கு, அறிவியலு, மலாய். எல்லாத்துக்கும் பிளாஸ்டிக்கு அட்ட, நாலு மூலைலயும் கண்ணாடி டேப்பு.

"இது என்னா குட்டி?"

"தெரியல சித்தி."

அவ என்னை பார்த்தா. போர்ட பார்க்கற மாதிரி இல்ல, வேற மாதிரி. டேப்ப மட்டும் பிரிச்சி எடுத்து, சின்ன உருண்டையா உருட்டி சட்ட பாக்கெட்ல போட்டுக்கிட்டா. பச்ச ஸ்டிக்கரு வெக்கற அதே பாக்கெட்ல. திரும்பவும் சரக் சரக். அப்பாடா, கண்டுபிடிக்கலன்னு நான் கணக்க தொடர்ந்தேன். அன்னிக்கு சாயந்தரம் அப்பா வந்தாரு, டீ குடிச்சாங்க, பேசினாங்க. டேப்பு பத்தி அவ ஒரு வார்த்த சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அந்த ஹால்ல அத்தன பேரு முன்னாடி அவ மேல விழுந்தத எறக்கி வெக்க அவ பாக்கெட்லயே சாட்சி இருந்துச்சு.

இப்ப அவ ஜுருல ஒரு கம்பெனில சூப்பர்வைசரு. தீபாவளிக்கு வருவா, ஹால்லயே உக்காந்துட்டு போயிருவா. ரெண்டு மணி நேரம், அதிகம் போனா மூனு. நான் அவகிட்ட எல்லாத்தையும் பேசுவேன். லவ்வு பிரேக்கப்பு வரைக்கும் சொல்லியிருக்கேன். இத மட்டும் சொன்னதில்ல.

டேப்பு கெடச்ச அன்னிக்கு போறதுக்கு முன்னாடி அவ சொரண்டின சுவத்துல ஒரு மொழ பிளாஸ்டிக்க ஒட்டினா. நாலு பக்கமும் பேப்பர் டேப்பு, நகத்தால தேச்சி. ரெண்டு மாசத்துக்கு மேல காஞ்ச சுவரு அது, டெஸ்டே தேவையில்ல. அது அவளுக்கு தெரியாமலா இருக்கும்? என் முன்னாடி குந்திக்கிட்டு உக்காந்து சொன்னா, "நாளைக்கு நீதான் பார்க்கணும். பார்த்துட்டு அம்மா போன்லேர்ந்து எனக்கு மெசேஜ் போடு. என்னா இருக்கோ அத மட்டும் சொல்லு. பயப்படாத. எது இருந்தாலும் சித்தி கோச்சுக்க மாட்டேன்."

மறுநாளு ஸ்கூல் விட்டு வந்த ஒடனே ஓடிப்போயி பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல. எனக்கு பெருமயா இருந்துச்சு, இந்த தடவ பொய்யே சொல்ல வேண்டாம்ல. அம்மா போன எடுத்து அடிச்சேன். காஞ்சிருச்சு சித்தி, ப்ராமிஸ்.

ரொம்ப நேரம் கழிச்சி பதில் வந்துச்சு. சரிடா. வேற ஒன்னும் சொல்றதுக்கு இல்லயா?

நான் திரும்பவும் நடு ரூமுக்கு போனேன். பிளாஸ்டிக்குக்கு உள்ள பார்த்தேன், வெளிய பார்த்தேன். நாலு மூலையும் விரலால தடவி பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி மேல் ஓரத்தையும் பார்த்தேன். நல்லா செக் பண்ணிட்டுத்தான் எறங்கி வந்து அடிச்சேன்.

வேற ஒன்னும் இல்ல சித்தி.